எங்க மேட்டுல தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு எங்ககிட்ட கேளுங்க: நகர சபைக்கு ஒரு திறந்த மடல்

நகர சபைத் தலைவர் ஐயாவுக்கும், உறுப்பினர்கள் எல்லாருக்கும், செயலாளர் அவங்களுக்கும்,

ரயில் பாதைக்குக் கீழ, ஆத்துக்கு மேல இருக்கிற எங்க குடியிருப்புக்கு எறங்குற எடத்துல, மேல் ரோட்டோரமா சபை ஒரு போர்டு நட்டிருக்கு. படிக்கட்டு, கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்), பொதுக் கக்கூஸ், மண்ணத் தாங்குற கருங்கல் கட்டு எல்லாத்தையும் ஒரே கொந்தராத்தா சேர்த்து வெளியாள் ஒருத்தருக்குக் குடுக்கப் போறீங்கன்னு எங்களுக்குத் தெரிய வந்ததே அந்த போர்டாலதான், அதுவும் சிங்களத்துல மட்டும் எழுதியிருந்ததால படிக்கிற பிள்ளைங்கள கூப்பிட்டு வாசிக்கச் சொல்லித்தான் பாதிப் பேருக்கு விஷயமே வெளங்குச்சு. இந்த முடிவ எடுக்கிறதுக்கு முன்னாடி எங்க ஆளுங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது பேசினீங்களா? சனசமூக நிலையத்துக்கு ஒரு கடிதமாவது வந்துச்சா? வரல. அதனாலதான் இத எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுறேன்.

வேலை நடக்கணும்னு எங்கள விட ஆசைப்படுறவங்க யாரும் கிடையாது. ஆனா இந்த விதமா நடந்தா சல்லியும் வீண், அடுத்த மழைக்கு தண்ணி எங்க வீட்டுக்குள்ளதான் வரும். ஏற்கனவே ஒருக்கா நடந்தத வச்சுத்தான் சொல்றேன்.

சில வருசத்துக்கு முன்னால மேல் ரோட்டு மதகுல இருந்து விழுற தண்ணிய ஆத்துக்கு எறக்குறதுக்குன்னு ஒரு கான் கட்டினாங்க. அளக்க வந்தவங்க ரோட்டுல நின்னு கீழ பார்த்தாங்க, நேரா ஒரு கோடு இழுத்தாங்க, போயிட்டாங்க. அந்தக் கோடு போற வழியில பாதி தூரத்துல ஒரு ஊத்து இருக்கு. வெயில் காலத்துல கண்ணுக்கே தெரியாது, ஐப்பசி கார்த்திகை மழை விடாம நாலு நாள் ஊத்தினாத்தான் மண்ணுக்குள்ள இருந்து கசிஞ்சு வரும், அது எங்க பாட்டிமாருக்குத் தெரியும், அந்தப் பக்கம் துணி தொவைக்கிற எல்லாப் பொம்பளைங்களுக்கும் தெரியும், மாசி மாசம் வந்து டேப் புடிச்சவங்களுக்கு எப்பிடித் தெரியும்? அந்த வருசக் கடைசியிலேயே கானுக்கு அடியால தண்ணி அரிச்சு கொங்கிரீட் தனியா அந்தரத்துல நின்னுச்சு. அத விடக் கொடுமை, கான் ஆறு வரைக்கும் போகவே இல்ல. ஒரு வீட்டோட குசினிச் சுவர்கிட்ட வந்து முடிஞ்சிருச்சு. எஸ்டிமேட்டுல இருந்த அடி அவ்வளவுதான்னு பதில் சொன்னாங்க. அந்த வீட்டு அக்கா இன்னைக்கும் மழை பெய்ஞ்சா மண் மூட்டை அடுக்கிட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கிறா.

இன்னொன்னு, அந்தக் கானுக்கு மேல சிலாப் போட்டு சிமெந்து பூசி மூடிட்டாங்க, ரோட்டுல இருந்து பார்க்க அழகா இருக்கும்னு. மலையில கான்ல தண்ணி மட்டுமா வருது, மண்ணு, இலை, மேல கடைகள்ல இருந்து வர்ற பொலித்தீன், போத்தல் எல்லாம் வருது. அள்ளிக்கிட்டே இருக்கணும். மூடிப் பூசின கானுக்குள்ள எந்தக் கை போகும்? அடைச்ச கானை ஒடைச்சு மண்ண அள்ளினது நாங்கதான், அதுக்கும் சபை சொத்த சேதப்படுத்தினோம்னு ஒரு பேச்சு வந்துச்சு.

கருங்கல் கட்டும் அதே கதைதான். தண்ணி வடியிறதுக்கு கட்டுல ஓட்டையே வைக்கல. எங்க குடியிருப்புல இருக்கிற மேசன் பாஸ் ஒருத்தர் வேலை நடக்கும்போதே போய், பைப் துண்டு வச்சுக் கட்டுங்க தம்பி, இல்லாட்டி பின்னால தண்ணி தேங்கி சுவத்தத் தள்ளும்னு சொன்னாரு. அவரு கொழும்புல பெரிய பெரிய வீடுகளுக்கு இந்தக் கட்டுத்தான் கட்டிக் குடுக்கிறவரு. உங்க வேலையப் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. மறு வருசமே கட்டு வயிறு தள்ளி நின்னுச்சு, டித்வா புயல் மழைக்கு ஒரு பக்கம் சரிஞ்சே போச்சு. அன்னைக்கு ராத்திரி அந்தக் கட்டுக்குக் கீழ இருந்த வீட்டு ஆளுங்கள நாங்க முன்னாடியே கோயிலுக்கு கூட்டிட்டுப் போயிட்டதால உயிர் தப்புனாங்க. கட்டு நிக்காதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதனால கூட்டிட்டுப் போனோம்.

2025 நவம்பர் கடைசில அந்தப் புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்ல எத்தன எடத்துல மலைய எறக்குச்சுன்னு நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அதுக்குப் பிறகுதான் நாங்க ஒரு முடிவுக்கு வந்தோம், யாரும் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காம நாமளே எழுதி வைப்போம்னு. மரண உதவி சங்கத்துல இருந்து ரெண்டு பேரு, கோயில் கமிட்டில இருந்து, ஓஎல் எழுதிட்டு வீட்டுல இருந்த பிள்ளைங்க, நாலஞ்சு அம்மாமாருன்னு சேர்ந்து குடியிருப்பு முழுக்க நடந்தோம். எந்த வீட்டுக்குள்ள எந்தப் பக்கத்துல இருந்து தண்ணி வந்துச்சு, ஊத்து எங்க எங்க கசிஞ்சுச்சு, எந்தப் படி வழுக்குது, எந்தக் கக்கூஸ் குழி நெறஞ்சு கீழ் வீட்டு வாசல்ல வடியுது, தண்ணி பைப் எந்த எடத்துல கான் தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்குது, எந்த வீட்டுல நடக்க முடியாத ஆள் இருக்காங்க, எல்லாத்தையும் பிரிஸ்டல் போர்டுல வரைஞ்சோம். வரையும்போது சண்டையும் வந்துச்சு, ஏன் இல்லன்னு சொல்லணும், பாதையை அகலமாக்கணும்னா யாரோட வேலி உள்ள போகணும்ங்கிறது சின்ன விஷயமா? ரெண்டு மூணு ராத்திரி உட்கார்ந்து பேசித்தான் முடிவாச்சு. ஒரு அண்ணன் தன்னோட இஸ்தோப்புல, அதாவது வீட்டு முன் திண்ணையில, பாதிய விட்டுத்தர்றேன்னு எழுதிக் கையெழுத்து போட்டாரு. எந்த கொந்தராத்துக்காரர் வந்து கேட்டிருந்தாலும் அவரு குடுத்திருக்க மாட்டாரு, மண்வெட்டியத் தூக்கியிருப்பாரு.

அந்த மேப்போட கொப்பியும் கையெழுத்துக் கடிதமும் சபை ஒபீஸ்ல குடுத்து சீல் வாங்கி வச்சிருக்கோம். அதுக்குப் பதில் இல்ல. இப்ப வந்திருக்கிற திட்டத்துல அந்த மேப்புல இருந்த ஒரு விஷயம் கூட இல்ல.

என்ன இல்லைன்னு சொல்றேன். படிக்கட்டு போடப் போறீங்க, அகலம் 3 அடியாம். 3 அடிப் படில ரெண்டு வளைவு இருக்கு, அதுல ஸ்ட்ரெச்சர் திரும்பாது. 1990ங்கிற நம்பருக்குக் கூப்பிட்டா வர்ற ஆம்புலன்ஸ் மேல் ரோட்டுலதான் நிக்கும், அது வரைக்கும் நோயாளிய நாற்காலில உட்கார வச்சு நாலு பேரு தூக்கிட்டு ஏறணும், மழையில, இருட்டுல. வயித்துப் பிள்ளைக்காரி ஒருத்திய அப்பிடித் தூக்கிட்டுப் போனப்ப ஒரு பையன் வழுக்கி விழுந்து காலை ஒடைச்சுக்கிட்டான். சாவு வீடுன்னா பெட்டிய நேரா கொண்டு போக முடியாம வளைவுல சரிச்சுத்தான் தூக்க வேண்டியிருக்கு, அத பாக்கிற பிள்ளைங்க மனசு என்ன பாடு படும்? அதுக்காகத்தான் வளைவு ரெண்டுலயும் அகலம் கேட்டிருந்தோம், அதுக்காகத்தான் அந்த அண்ணன் இஸ்தோப்ப விட்டுக்குடுத்தாரு. படியோட ஒயரம் கொறைக்கணும்னும் கேட்டிருந்தோம், மூட்டு வலியோட பீலிக்கும் வீட்டுக்கும் தண்ணி தூக்கிட்டு ஏறி எறங்குறது யாருன்னு யோசிச்சா அது ஏன்னு வெளங்கும்.

பொதுக் கக்கூஸ் நாலு, குடியிருப்புக்கு வெளிய, ரோட்டுக்குப் பக்கத்துல கட்டப் போறீங்கன்னு போட்டிருக்கு. பௌசர் வந்து குழிய உறிஞ்ச வசதியா இருக்கும்னு நெனைச்சிருப்பீங்க. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பொம்பளப் பிள்ள அவ்வளவு படி ஏறி, பார் மூடுற நேரத்துல ரோட்டுக்கு வந்து கக்கூஸ் போவாளா? போக மாட்டா. சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணி குடிக்காம இருப்பா. இப்பவே அப்பிடித்தான் இருக்காங்க, அதனால வர்ற வியாதிகளப் பத்தி உங்க பொது சுகாதாரப் பரிசோதகர் பீஎச்ஐ ஐயாவும் மிட்வைஃப் மிஸ்ஸும் உங்களுக்கு சொல்லுவாங்க, கேட்டுப் பாருங்க. நாங்க கேட்டது வீட்டு வீட்டுக்கு கக்கூஸ், எடமில்லாத வீடுகளுக்கு மட்டும் ரெண்டு மூணு குடும்பத்துக்கு ஒன்னுன்னு சாவியோட. குழிகள தனித்தனியா தோண்டாம கீழ ஒரு பொதுத் தொட்டிக்குக் கொண்டு போக முடியுமான்னு உங்க டெக்னிக்கல் ஒபிசர்கிட்ட கேட்டிருந்தோம். அது முடியாதுன்னாலும் காரணத்தோட ஒரு பதில் வந்திருக்கணும்.

நாங்க யாரு, எப்பிடி இங்க வந்தோம்னும் சில உறுப்பினர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு, ஏன்னா "அனுமதி இல்லாத குடியிருப்பு"ங்கிற வார்த்தைய கூட்டத்துல அடிக்கடி கேக்குறோம். இங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேரோட தாத்தா பாட்டி இந்த டவுனை கூட்டி அள்ளி சுத்தம் பண்றதுக்காக கொண்டு வந்து குடியேத்தினவங்க. மத்தவங்க 1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் கைமாறினப்ப வேலையும் லயமும் போயி, பஞ்சத்துல டவுனுக்கு எறங்கி வந்தவங்க. எங்க அம்மா வழி அப்பிடித்தான். அன்னைக்கு பிரஜாவுரிமையே இல்லாத சனம், காணி உறுதி எங்க இருந்து வரும்? இன்னைக்கும் இந்த டவுன்ல கடை தொறக்கிறது, மார்க்கட்ல மூட்டை தூக்கிறது, த்ரீவீல் ஓட்டுறது, உங்க சபையோட குப்பை லொறியில நிக்கிறது எல்லாம் எங்க பிள்ளைங்கதான்.

தோட்டத்துல இருக்கிற எங்க சொந்தக்காரங்களுக்கு ஒரு காரணம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 1987ம் வருச பிரதேச சபைச் சட்டத்துல 33ம் பிரிவு இருந்ததால தோட்டத்துக்குள்ள சபைக் காசு செலவழிக்க முடியாதுன்னு. அத 2018லதான் திருத்தினாங்க. எங்களுக்கு அந்தத் தடை ஒரு நாளும் இருந்ததில்ல. நாங்க நகர சபை எல்லைக்குள்ள இருக்கோம், கானும் பாதையும் சுகாதாரமும் சபையோட கடமைன்னு 1939ம் வருச நகர சபைகள் கட்டளைச்சட்டம் சொல்லுது. இத்தன காலமும் செய்யாம விட்டதுக்கு சட்டத்தக் காரணம் காட்ட முடியாது.

சனங்கள நம்பி வேலை குடுக்கிறது புதுசா நான் கண்டுபுடிச்ச விஷயம் இல்ல. இந்த நாட்டுலதான் அது நடந்துச்சு. 1984ல பத்து லட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கின பிறகு, தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை கொழும்புல தோட்டம்னு சொல்ற நெரிசலான குடியிருப்புகள்ல சமூக அபிவிருத்தி சபைகளோட சேர்ந்து, அதிகாரிங்களும் சனங்களும் ரெண்டு நாள் ஒரே எடத்துல உட்கார்ந்து எது முதல்ல, எது பிறகு, யார் என்ன செய்யணும்னு எழுதி, சின்ன வேலைகள, அதாவது படி, கான், கெணறு, பொதுக் கக்கூஸ் மாதிரி வேலைகள அந்தந்த சபைக்கே கொந்தராத்தா குடுத்தாங்க. எஸ்டிமேட்டும் மேற்பார்வையும் இஞ்சினியர், வேலை அங்க இருக்கிற மேசனும் கையாளும், மிச்சப்படுற லாபம் சபையோட பேங்க் கணக்குக்கு. தானே கட்டின கானுக்கு மேல குப்பை கொட்ட மனசு வராது, ஒடைஞ்சா யாரும் வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்கவும் தோணாது. இங்க தொடங்கின இந்த முறைய பிறகு ஐக்கிய நாடுகள் மனித குடியிருப்பு நிறுவனம் மத்த ஆசிய நாடுகளுக்கும் கொண்டு போச்சு. நம்ம நாட்டுல பொறந்த முறை நம்ம டவுனுக்கு ஏன் வரல?

மலைநாட்டுக்கு இது சரிவராதுன்னு சொல்லாதீங்க. 1993ல உலக வங்கிக் கடன்ல தொடங்கின சமூக நீர் வழங்கல் திட்டம் நடந்த மூணு மாவட்டத்துல ஒன்னு பதுளை. அந்தத் திட்டத்துல ஊர்ச் சங்கங்களே ஊத்துல இருந்து பைப் இழுத்து, டேங்க் கட்டி, மீட்டர் பார்த்து, மாசக் கட்டணம் வாங்கி தண்ணி குடுக்கத் தொடங்கினாங்க. பைப் ஒடைஞ்சா ஊர் ஆளு போயி ஒட்டுறாரு. அதுக்குன்னு ஒரு சமூக நீர் வழங்கல் திணைக்களமே நாட்டுல இருக்கு. மேட்டு நெலத்துல தண்ணி எப்பிடிப் போகும்னு தெரிஞ்சவங்களால மேட்டு நெலத்துல கான் கட்ட முடியாதா?

கணக்கு வழக்கு உங்களுக்குத் தெரியுமா, சங்கத்துக்குள்ள கட்சி சண்டை வருமேன்னு ஒரு உறுப்பினர் என்கிட்ட நேராவே கேட்டாரு. நியாயமான கேள்விதான். மரண உதவி சங்கம் எங்க அப்பா காலத்துல இருந்து மாசா மாசம் சந்தா வாங்கி, சாவு விழுந்த அன்னைக்கே வீட்டுல காசு குடுக்குது, கணக்குப் புத்தகம் யாரும் வந்து பார்க்கலாம். பொம்பளைங்க சீட்டுப் புடிச்சு ரெண்டு மூணு வீட்டுக்கு கூரைத் தகரம் மாத்தியிருக்காங்க. கட்சி சண்டை வரும், வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் வேலைக் கமிட்டில எந்தக் கட்சிக் கிளைத் தலைவரும் இருக்கக் கூடாது, பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கணும், ஒவ்வொரு பில்லும் கோயில் சுவத்துல ஒட்டணும்னு நாங்களே எழுதி வச்சிருக்கோம். கொந்தராத்துக்காரரோட பில்லு எந்த சுவத்துல ஒட்டியிருக்கு?

மண்சரிவு விஷயத்துல மட்டும் நான் வேற மாதிரிதான் பேசுவேன். மேல் மூலைல இருக்கிற சில வீடுகள் இருக்கக் கூடாத எடத்துல இருக்கு, அது அந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியும். கொஸ்லாந்தை மீரியபெத்தைல 2014 ஒக்டோபர் 29ந் தேதி காலையில லயத்தோட சனம் பொதஞ்சு போனத நாங்க யாரும் மறக்கல, அது அபாயம்னு முன்னாடியே சொல்லியிருந்த எடம், சொன்னவங்க சொன்னதோட நிக்க, போறதுக்கு எடம் இல்லாம சனம் அங்கேயே இருந்துச்சு. அதனால தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க வந்து பார்க்கட்டும், நாங்களும் கூட நடந்து ஊத்து எங்க, வெடிப்பு எங்கன்னு காட்டுறோம். எழும்பணும்னு அவங்க சொல்ற வீடுகள் எழும்பித்தான் ஆகணும். ஆனா சிவப்பு நோட்டீஸ் ஒட்டிட்டு, மாத்து எடம் காட்டாம, கரண்ட வெட்டுறதுன்னா அதுக்கு ஒத்துக்க மாட்டோம். நாலஞ்சு வீட்டக் காரணம் காட்டி குடியிருப்பையே அபாயம்னு எழுதி, பிறகு அந்தக் காணிய வாகனம் நிறுத்துறதுக்கு எடுக்கிறதுன்னா அதுக்கும் ஒத்துக்க மாட்டோம்.

2023 மார்ச்சுல இருந்து ரெண்டு வருசத்துக்கு மேல இந்த டவுனுக்கு தெரிவு செஞ்ச சபையே இல்லாம இருந்துச்சு. எதக் கேட்டாலும் சபை வரட்டும்னு சொன்னாங்க. 2025 மே 6ந் தேதி லைன்ல நின்னு ஓட்டுப் போட்டு உங்கள அனுப்பினோம். உங்கள்ல சில பேரு எங்க குடியிருப்புக்கு எறங்கி வந்து, அந்த வழுக்குற படில என் கையப் புடிச்சுக்கிட்டு, உங்களக் கேக்காம எதுவும் செய்ய மாட்டோம்னு சொன்னீங்க.

அதனால எங்க கோரிக்கைகள நேராவே சொல்றேன். முதல்ல, இந்தக் கொந்தராத்துல கையெழுத்து வைக்கிறத நிப்பாட்டுங்க. நிப்பாட்டிட்டு, எங்க சனசமூக நிலையத்துல ரெண்டு நாள் கூட்டம் ஒன்னு வையுங்க, ஞாயித்துக்கிழமையோ போயா தினத்துலயோ வையுங்க, ஏன்னா வார நாள்ல வச்சா கடைக்கும் கொழுந்துக்கும் போற பொம்பளைங்க வர முடியாது. டெக்னிக்கல் ஒபிசர், பீஎச்ஐ, கிராம சேவகர், கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து ஆள் எல்லாரும் வரணும், பேச்சு தமிழ்லயும் நடக்கணும். எங்க மேப்ப மேசையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு வேலையையும் பேசுவோம், முடியாததுக்கு காரணம் சொல்லுங்க, கேட்டுக்கிறோம்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வேலையைப் பிரியுங்க. படிக்கட்டு, உள் கான், வீட்டுக் கக்கூஸ், தண்ணி பைப் இதுகள சனசமூக நிலையத்துக்கு சமூக கொந்தராத்தா குடுங்க, சிறிய வேலைகள சமூக அமைப்புகளுக்குக் குடுக்க அரசாங்கக் கொள்முதல் விதிகள்லயே எடமிருக்கு, உங்க செயலாளருக்கு அது தெரியும். சாமான் வாங்க முற்பணம் குடுக்கணும், முற்பணம் இல்லாம எங்களால தொடங்க முடியாது, அதச் சாட்டா வச்சு வேலையைத் திருப்பி வெளியாளுக்குக் குடுக்கவும் கூடாது. பெரிய கருங்கல் கட்டு மட்டும் இஞ்சினியர் வரைபடத்தோட அனுபவமுள்ள ஆளுங்க கட்டட்டும், அது எங்க சக்திக்கு மேற்பட்ட வேலை, ஆனா அங்கயும் எங்க மேசன் பாஸ் உட்பட மூணு பேரு நின்னு பார்க்க எழுத்துல அனுமதி குடுங்க, அவங்க கையெழுத்து இல்லாம கடைசி பில்லுக்கு காசு விடாதீங்க. எஸ்டிமேட்ட தமிழ்லயும் எழுதி அதே போர்டுல போடுங்க. கான் அள்ளுறதுக்கும் ஒடைசல் பாக்குறதுக்கும் ஒவ்வொரு வருச பட்ஜட்லயும் ஒரு தொகை ஒதுக்குங்க, ஆள் பலம் நாங்க தர்றோம், சிரமதானம் எங்களுக்குப் புதுசில்ல.

வீடுகளுக்கு இலக்கம் குடுங்க. உறுதி இல்லாட்டியும் தற்காலிக அசெஸ்மென்ட் நம்பர் குடுக்கலாம். அது இல்லாம பிள்ளைய ஸ்கூல்ல சேர்க்க முடியல, கரண்ட் எடுக்க முடியாம பக்கத்து வீட்டுல இருந்து வயர் இழுத்துத்தான் லைட் எரியுது. காணிய இந்த டவுன் எல்லைக்குள்ள மாத்து எடம் குடுக்காம எடுக்க மாட்டோம்னு சபைல தீர்மானம் போட்டு, அந்தக் கொப்பிய எங்களுக்குத் தாங்க.

அடுத்த மாசப் பொதுக்கூட்டத்துல இத நிகழ்ச்சிநிரல்ல சேருங்க, எங்க பக்கத்துல இருந்து மூணு பேரு வந்து பேச எடம் குடுங்க. இந்த மடலோட சேர்த்து 2016ம் வருச தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கீழ ஒரு விண்ணப்பமும் குடுக்கிறோம், இந்தத் திட்டத்தோட எஸ்டிமேட், வரைபடம், கூட்டக் குறிப்பு மூணும் வேணும், முடிவச் சொல்ல உங்களுக்கு 14 வேலை நாள் இருக்கு. பதிலத் தமிழ்ல எழுத்துல அனுப்புங்க. எங்க வீடுகளுக்கு இலக்கம் இல்லாததால சனசமூக நிலையத்து முகவரிக்கே அனுப்புங்க, வந்த அன்னைக்கே எல்லாரையும் கூட்டி வாசிச்சுக் காட்டுவேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
சனசமூக நிலையம், ரயில் பாதைக்குக் கீழ் குடியிருப்பு